சங்கிலி உபவாசம்

சாம்பியன் ரீப்ஸ்,
27 ஜனவரி 2025

அன்புத் தங்கை நிக்கோலுக்கு,

அக்கா ஐடா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் சுகத்தைக் கேட்கிறேன். சுகம் என்று மட்டும் பொய் எழுதிவிடாதே. சுகமாக இருக்கிறவளை எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்?

உன் போனை வாங்கி வார்டு அலமாரியில் பூட்டிவிட்டார்கள் என்றதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். அந்தப் போனில் நீ பார்த்ததெல்லாம் எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு கொழுப்பு என்பதைத்தானே. பூட்டட்டும். கடிதம் எழுதலாம் என்றார்கள். பக்கத்து வீட்டு லாய்ட் தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன், ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்துவிடுகிறேன் என்றான். உன் பதிலையும் அவனே வாங்கி வருவான்.

உன்னை விட்டுவிட்டு வந்த அன்று நன்றாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு வருஷமாக வேளைக்கு வேளை உன் எதிரில் உட்கார்ந்து, "ஒரு வாய்டி, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சியிருக்கிறேன். அம்மா அப்பா போன பிறகு உனக்கு ஊட்டி வளர்த்த கை இது. ஓய்ந்துபோய்விட்டது.

நம் சபைப் பெண்கள் சங்கத்தில் உனக்காகச் சங்கிலி உபவாசம் ஆரம்பித்திருக்கிறோம். பியாட்ரிஸ் ஆன்ட்டியின் ஏற்பாடு. கிழமைக்கு ஒருத்தி, பொழுது சாயும்வரை வெறும் தண்ணீர் குடித்து உன் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது, விட்டால் சங்கிலி அறுந்துபோகும். "பொண்ணு வூட்டுக்கு வந்து தட்டு நெறைய சோறு சாப்புட்ற வரைக்கும் வுடக்கூடாதும்மா" என்று ஆன்ட்டி சொல்லிவிட்டார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை.

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள். உனக்குக் குளிர் தாங்காது.

உன் அக்கா,
ஐடா


பெங்களூர்,
3 பிப்ரவரி

என் அக்காவுக்கு,

நீ சொன்னபடி சுகம் என்று எழுதவில்லை. உயிரோடு இருக்கிறேன். கை காலெல்லாம் சில்லிட்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? சண்டே ஸ்கூலில் படித்த தமிழ்தான், தப்பிருந்தால் சிவப்பு மையில் திருத்தாதே டீச்சரம்மா.

முதலில் அந்தச் சங்கிலி விஷயம். நான் சாப்பிடுவதற்காக ஏழு பெண்கள் பட்டினி கிடக்கிறார்கள். இதில் ஒருத்திக்குக்கூடச் சிரிப்பு வரவில்லையா? நாலு வருஷத்துக்கு முன்னால் லெந்துத் தவக்காலத்தில் நான் நாற்பது நாள் உபவாசம் இருந்தபோது, இதே பியாட்ரிஸ் ஆன்ட்டிதான் என்னைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, "இந்தக் காலத்துல இப்படியும் ஒரு பொண்ணா" என்று எல்லோரையும் கைதட்ட வைத்தார். ஈஸ்டர் வந்தது. எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். எனக்கு மட்டும் உபவாசம் முடியவே இல்லை. எனக்காக ஆளுக்கு ஒரு தட்டு பிரியாணி சாப்பிடச் சொல்.

இங்கே சாப்பாடு, மருந்தோடு ஒரு மூளைப் பயிற்சியும் உண்டு. மமதா மேடம் நடத்துகிறார். கன்னடக்காரர், தமிழ் பேசுவார். சாப்பாட்டைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது, அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது. அட்டைகளை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றிவிடுவார்கள், இனி வடிவம் பார்த்துப் பிரிக்க வேண்டும். விதி மாறியது தெரிந்த பிறகும் என் கை பழைய பக்கமே போகிறது. மேடம் திட்டுவதில்லை. "கை போவட்டும். போறத நீ நோடு, அது போதும்" என்கிறார், பார்த்தால் போதுமாம். பட்டினி கிடந்த மூளை ஒரே தடத்தில் ஓடுமாம். தடம் மாற்றிப் பழகினால் சாப்பாட்டு விஷயத்திலும் பிடிவாதம் கொஞ்சம் இளகுமா என்று ஆராய்ச்சி செய்கிறார்கள்.

அதற்காகப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுக்கிறார்கள். முதல் படம் எடுத்தாயிற்று. ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துத் தள்ளினார்கள். அப்பா ஷிப்டுக்குத் தங்கச் சுரங்கத்தில் கேஜில் இறங்கினபோது இப்படித்தான் இருந்திருக்கும். அவருக்காவது கூட நாலு பேர் இருந்தார்கள்.

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவார்கள். வா. ஸ்கூலில் மத்தியானம் என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. இங்கே எல்லோரும் என்னையே கேட்கிறார்கள், நானும் யாரையாவது கேட்க வேண்டாமா?

அன்புடன்,
நிக்கோல்


சாம்பியன் ரீப்ஸ்,
12 பிப்ரவரி

அன்பு நிக்கோல்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத் தேவையில்லை, போன ஞாயிறுதானே பார்த்தேன். பார்த்தேனே தவிர, பேச நினைத்ததைப் பேசவில்லை. நீ அந்தச் சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரமாக ஒதுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ், "பரவால்ல, அடுத்த வாய்" என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் ஒரு காலத்தில் அந்தப் பொறுமை இருந்தது. தீர்ந்துவிட்டது.

வெளியே வந்து மமதா மேடத்தைப் பிடித்தேன். "இன்னா மேடம், இந்த அட்டய வெச்சி வெளாண்டா எட ஏறுமா?" என்று கேட்டேன். "எடைக்கு சாப்பாடுதாம்மா. இது சாப்பாட்டுக்கு சொல்ப வழி விடுமான்னு பாக்கறோம். விடுமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார். இவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். நல்ல மனுஷிதான்.

பிரியாணி விஷயத்தை ஆன்ட்டியிடம் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்க ஆசை.

சங்கிலி நல்லபடியாகப் போகிறது. செவ்வாய்க்கிழமையை வைத்திருந்த பாக்கியவதி ஆன்ட்டிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் பட்டினி கூடாது என்றுவிட்டார். அந்த நாளுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது.

என் சாப்பாட்டைக் கேட்டாயே. இன்றைக்கு முருங்கைக்கீரைச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் நன்றாக முறுகலாக, இரண்டு அப்பளம், கடைசியில் கெட்டித் தயிர். போதுமா?

உன் அக்கா,
ஐடா


பெங்களூர்,
20 பிப்ரவரி

அன்பு அக்கா,

இங்கே நான் நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை. நீ சுகமா? உன் முறுகல் வறுவலைப் படித்து வார்டே பெருமூச்சு விட்டது.

ஒரு வேலை தருகிறேன். மமதா மேடம் கொடுத்த படத்தை நான் வார்த்தையில் சொல்ல வேண்டும், பார்க்காத ஆள் அதைக் கேட்டு வரைய வேண்டும். இங்கே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதனால் நீ வரை. வலது பக்கம் கீழே ஒரு சின்ன வட்டம். அதற்குள் மூன்று புள்ளிகள். மேல் புள்ளி மட்டும் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும். வட்டத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கோடு சாய்ந்து மேலே போகிறது. பாதியில் ஒரு குறுக்குக் கோடு. அதன்மேல் மூன்று குட்டிக் கோடுகள், நடுவில் இருப்பது மட்டும் நீளம். இடது பக்கமும் ஒரு கோடு இருக்கிறது. அவ்வளவுதான்.

இன்னொன்று. வாரம் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். நான் இப்போது இடது கையால் பல் தேய்க்கிறேன், சட்டையெல்லாம் நுரை. சாப்பாட்டு மேஜையில் வேறு நாற்காலியில் உட்காருகிறேன். சிரிக்காதே, முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. நீயும் ஏதாவது மாற்று. ஸ்கூலுக்கு வேறு ரோட்டில் போய்ப் பார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ரோடு.

உன் தங்கை,
நிக்கோல்


சாம்பியன் ரீப்ஸ்,
4 மார்ச்

அன்பு நிக்கோலுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. ஸ்கூலில் பரீட்சை வேலை, அதோடு ஒரு இருமல்.

படத்தை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, "மிஸ், இது கொசுவா?" என்று கேட்டார்கள். வட்டத்துக்குள் இருக்கும் புள்ளி எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று எழுதத் தெரிந்தவளுக்கு, அது மொத்தத்தில் என்ன படம் என்று எழுதத் தெரியவில்லையா?

ரோட்டையும் மாற்றிப் பார்த்தேன். நந்திதுர்க் பக்கமாகச் சுற்றிப் போனால் சுரங்க மண்மேட்டுத் தூசு கண்ணெல்லாம். மேட்டில் மூச்சு வாங்கியது. திரும்பிப் பழைய ரோட்டுக்கே வந்துவிட்டேன்.

இந்த ஞாயிறு என்னால் வர முடியாது. சண்டே ஸ்கூல் ஆண்டுவிழா. லாய்டை அனுப்புகிறேன், உன் ஸ்வெட்டரைக் கொண்டு வருவான்.

நாளை சாம்பல் புதன். சங்கிலியில் இருந்த இரண்டு மூன்று பேர், லெந்துக்கென்று தனி உபவாசம் இருப்பதால் இதை விட்டுவிட்டார்கள். நீ ஒன்றும் கவலைப்படாதே, ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

என் சாப்பாட்டைப் பற்றி நீ கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு, நெஞ்செலும்பு போட்டது. சோறு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன். மேலே மிளகு ரசம். சாயங்காலம் நம் சங்கத்து ஈவ்லின் வீட்டிலிருந்து சேமியா பாயசம் வந்தது, முந்திரியை நெய்யில் பொன்னிறமாக வறுத்துப் போட்டிருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பெங்களூர்,
14 மார்ச்

அக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். நான் பரவாயில்லை.

உன் கொசுவை மமதா மேடம் சுவரில் ஒட்டிவிட்டார். உண்மையில் அது ஒரு பெரிய முக்கோணம். மற்றதெல்லாம் அதற்குள்ளே. பெரிய முக்கோணம் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. "நீ புள்ளிலேந்து ஆரம்பிக்கற. சொல்ப தள்ளி நின்னு மொத்தத்த பாரு" என்கிறார் மேடம்.

இப்போது முக்கியமான விஷயம். பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் திங்கள்வரை என்னை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கப் போகிறார்கள். வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன் என்றால் மே மாதம் டிஸ்சார்ஜ். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வேளையும் வீட்டு ஆள் ஒருவர் என்னோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. எனக்கு மத்தியானம் ஒரு மணிச் சாப்பாடுதான் மலை மாதிரி. உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

லாய்ட் ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டு, "உங்கக்கா டேசனுக்கு வந்து பைய குடுத்துட்டு படிக்கட்டுலயே உக்காந்துட்டாங்க. வெயிலுன்னு சொன்னாங்க" என்றான். அவன் ரயில் விடிவதற்கு முன்னால் புறப்படுவது. அந்நேரத்தில் என்ன வெயில், அக்கா?

பதில் போடு.

நிக்கோல்


பெங்களூர்,
27 மார்ச்

அக்கா,

நலம் விசாரித்த கடிதத்துக்கே பதில் இல்லை. லாய்ட் தினமும் வாசலில் வெறுங்கையோடு நிற்கிறான் என்று வாட்ச்மேன் சொல்கிறார்.

நேற்று உன் கடிதங்களையெல்லாம் படுக்கையில் பரப்பினேன். மேடம் சொன்னதுபோல் தள்ளி நின்று பார்த்தேன். இருமல், மேட்டில் மூச்சு வாங்கியது, ஸ்டேஷன் படிக்கட்டு, வராமல் போன ஞாயிறு, செவ்வாய்க்கிழமைக்குக் கிடைத்த வேறு ஆள், நெய்யில் வறுத்த முந்திரி. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நீ சாப்பிடுவதில்லை.

பாம்பின் கால் பாம்பறியும். சாப்பிட்டவள் சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாள். முந்திரி என்ன நிறத்தில் வறுபட்டது என்று எழுதுகிறவள் பசியில் இருக்கிறவள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து உனக்கு எத்தனை மெசேஜ் அப்படி அனுப்பியிருக்கிறேன். நீயும் எல்லாவற்றையும் நம்பினாய்.

சங்கிலியில் உனக்கு எத்தனை நாள்? உண்மையைச் சொல்.

நிக்கோல்


சாம்பியன் ரீப்ஸ்,
3 ஏப்ரல்

நிக்கோல்,

சுகம் கேட்டு எழுதும் மனநிலையில் நான் இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடலாம் என்று வந்தது. நாலு வருஷம் என்னைப் பொய்யால் நிரப்பினவள் இன்று எனக்கு விசாரணை வைக்கிறாள்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். முதலில் பாக்கியவதி ஆன்ட்டிக்குச் சர்க்கரை. அப்புறம் ஈவ்லினுக்கு வேலையில் ஷிப்ட் மாறியது. ஒருத்தி மகன் வீட்டோடு போய்விட்டாள். மற்றவர்களுக்கு லெந்து. யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை, எல்லோருக்கும் அலுத்துவிட்டது. எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் ஒவ்வொருத்தி விலகும்போதும் அந்த நாள் காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கும் நாளில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் எடுத்துக்கொண்டேன். இப்போது பியாட்ரிஸ் ஆன்ட்டியின் ஞாயிறு தவிர எல்லாம் என் நாள். பொழுது சாய்ந்ததும் கஞ்சியோ சோறோ ஏதோ குடிக்கிறேன், செத்துப்போய்விட மாட்டேன்.

நீ கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தது எதனால்? மருந்தா, அட்டைப் பயிற்சியா, எங்கள் ஜெபமா? உன் மேடத்துக்கே தெரியாது என்கிறார். தெரியாதபோது எந்தத் தைரியத்தில் நான் இதை நிறுத்துவேன்? நிறுத்தின மறுநாள் நீ தட்டைத் தள்ளிவிட்டாய் என்றால், அதோடு நான் எப்படி வாழ்வேன்?

அதிலும் பெரிய வெள்ளி மத்தியானம் ஒரு மணி. ஆண்டவர் சிலுவையில் தொங்கின நேரம். சபையே மும்மணி ஆராதனையில் இருக்கும். நம் வரிசையில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. அந்த நேரத்தில் நான் சோறு தின்ன வேண்டுமா? வேறு யாருடைய பெயரையாவது கொடு.

ஐடா


பெங்களூர்,
7 ஏப்ரல்

அக்கா,

உன் கோபம் நலமாக இருக்கிறது, அதுவரைக்கும் சந்தோஷம். உடம்பு எப்படி இருக்கிறது?

வேறு பெயர் கொடுக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? நீ உட்காரவில்லை என்றால் நான் வரவில்லை. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. சாப்பிடாத ஆள் எதிரில் இருந்தால் என்னால் ஒரு பருக்கை எடுக்க முடியாது. அது யாராக இருந்தாலும் எனக்குப் பொறாமையாக வரும். உன் மேலும் வரும்.

நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். அது என் வசனம், அக்கா. நாலு வருஷமாக என் தலைக்குள் அதுதான் ஓடுகிறது. ஒரு இட்லி கூடினால் ஏதாவது ஆகிவிடும். என்ன ஆகும் என்று மேடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆகிவிடும்.

இரண்டாவது மூளைப் படமும் எடுத்துவிட்டார்கள். என் மூளை மாறியிருக்கிறதா என்று கேட்டேன். ஒருத்தி படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாதாம். எல்லோருடையதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வருஷமாகுமாம். அப்போதுகூடக் கொஞ்சம்தான் தெரியுமாம். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மறுநாள் ஒரு மணிக்குத் தட்டு வந்தது. மாறியிருக்கிறேனா இல்லையா என்று தெரியாமலேயே வாயைத் திறந்தேன்.

நீயும் ஒரு நாள் தெரியாமலேயே நிறுத்திப் பார்.

உன்,
நிக்கோல்


சாம்பியன் ரீப்ஸ்,
12 ஏப்ரல்

அன்பு நிக்கோல்,

உடம்பு எப்படி என்று கேட்டாய். ஜாக்கெட் எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. நடந்தால் கண் இருட்டுகிறது. உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்?

நேற்று பியாட்ரிஸ் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். யார் யார் எந்த நாளை விட்டார்கள், யார் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. "இன்னாம்மா ஐடா, எல்லா நாளும் நீயேவா இருந்துக்கினு இருக்கற?" என்று வாயில் கையை வைத்துக்கொண்டார். நீ வரப்போவதையும், பெரிய வெள்ளி மத்தியானச் சாப்பாட்டையும் சொன்னேன். பிறகு, "அன்னிக்கி மட்டும் பொறுத்துக்க சொல்லும்மா. ஒரு நாள்தானே" என்றார்.

"அவளுக்கு ஒரு நாள்னு ஒண்ணு கெடயாது ஆன்ட்டி. அந்த ஒரு நாளுதான் நாலு வருசமாச்சி" என்றேன். அந்தப் பேச்சு எனக்குள் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உனக்காகக் கைதட்டினது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் சுண்டிப்போய்விட்டது. கடைசியில், "அப்ப கதவ சாத்திக்கினு ஆக்குங்க. ஊரு பேசும்" என்றார். ஏப்ரல் வெயிலில் கதவைச் சாத்தினால் நாம்தான் வெந்துபோவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக்குக் குருத்து ஞாயிறு, வர முடியாது. வியாழக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போக நானே வருகிறேன். பார்த்ததும் பயந்துவிடாதே. தட்டு முன்னால் உட்காருவேன் என்பது மட்டும் நிச்சயம். சாப்பிடுவேனா என்று எனக்குத் தெரியாது.

உன் அக்கா,
ஐடா


பெங்களூர்,
25 ஏப்ரல்

அன்பு அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். எடை அப்படியே இருக்கிறது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நீ நலமா?

வீட்டில் இருந்தவரை அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை. அதனால் எழுதுகிறேன். கோயில் மணி அடித்தது. வெள்ளை உடுத்திக்கொண்டு எல்லோரும் நம் வாசலைக் கடந்து போனார்கள். நீ தாளிக்கிற வாசனை வரிசை முழுக்கப் போயிருக்கும். பாக்கியவதி ஆன்ட்டி நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நீ சோற்றைப் பிசைந்தாய். பிசைந்துகொண்டே இருந்தாய். கை மேலே வரவில்லை. அடம் பிடிக்கிறேன் என்று என்னை எத்தனை தடவை அடித்திருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்தபோது அது அடம் இல்லை என்று உனக்கும் தெரிந்துவிட்டதென்று புரிந்தது. நான் சாப்பிட ஆரம்பித்திருந்தேன். உன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் தட்டு எனக்கு மறந்துபோயிற்று. நாலு வருஷத்தில் அப்படி மறந்ததே இல்லை. "பரவால்லக்கா, அடுத்த வாய்" என்றேன். நீ அழுதுகொண்டே சாப்பிட்டாய்.

மறுநாள் என்னால் பாதிதான் முடிந்தது, அதையும் மேடத்திடம் சொல்லிவிட்டேன். டிஸ்சார்ஜ் கொடுப்பதா என்று மே நடுவில் சொல்வார்கள்.

ஆனால் ஒரு பயம். நீ எனக்காகச் சாப்பிட்டாய். என்றாவது நான் சறுக்கினால் நீயும் நிறுத்திவிடுவாய். அப்புறம் யார் யாரைத் தூக்குவது? நான் அங்கே இல்லாத இந்த நாட்களில் நீ மத்தியானம் என்ன செய்கிறாய்?

அன்புடன்,
நிக்கோல்


சாம்பியன் ரீப்ஸ்,
6 மே

என் அன்பு நிக்கோலுக்கு,

இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கேள்விக்கு உடனே பதில் எழுதியிருந்தால் பொய்தான் எழுதியிருப்பேன். நீ ரயில் ஏறின மறுநாளே மத்தியானம் வெறும் தண்ணீருக்குப் போய்விட்டேன். ஸ்கூல் லீவு. வீட்டில் நான் மட்டும். ஆன்ட்டி சங்கிலியை முடித்துவிட்டதாகச் சபையில் சொல்லியாயிற்று. உபவாசம் இருக்கச் சொல்லவும் ஆள் இல்லை, சாப்பிடச் சொல்லவும் ஆள் இல்லை. ஒரு மணி ஆனால் கால் தானாகத் தண்ணீர்ப் பானைப் பக்கம் போகும். பசி என்று ஒன்று தெரிந்தால்தானே? அது எப்போது என்னை விட்டுப் போனது என்றே தெரியவில்லை. சில நாள் உன்னை நினைத்துக்கொண்டு மருந்து மாதிரி நாலு வாய் விழுங்கினேன். மற்ற நாள் அதுவும் இல்லை. நீ பயந்தது சரிதான். இதை மமதா மேடத்திடம் சொல்லிவிடு, என்னை வந்து பார்க்கச் சொன்னாலும் வருகிறேன். உன்னை வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவர் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

இன்றைக்கு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். லாய்ட் வீட்டில் கருவாடு வறுத்தார்கள். என் வயிறு சத்தம் போட்டது. மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கையில் பிடித்தபடியே நின்றேன். மறுபடியும் சத்தம் போட்டது. அடுக்களைக்குப் போய்ச் சோற்றுச் சட்டியைத் திறந்து, தட்டுகூட எடுக்காமல், ஜெபம் பண்ணவும் மறந்து, நின்றுகொண்டே அள்ளி வாயில் போட்டேன். பாதியில்தான் உன் ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் நீ என் மனசிலேயே இல்லை.

உனக்காக இல்லை, நிக்கோல். ஆண்டவருக்காகவும் இல்லை. பசித்தது. சாப்பிட்டேன்.

உன் அக்கா,
ஐடா